மிருகசீரிடத்து மீன் நாள்: ஹைதராபாத்தின் ஏரிகளும் விராலும்

ஆண்டுதோறும் ஜூன் 7 அல்லது 8ஆம் தேதி சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்துக்குள் நுழைகிறது. தெலுங்கில் அந்த நாள் மிருகசிரா கார்த்தியின் தொடக்கம். அன்று மீன் சாப்பிட வேண்டும் என்பது தெலங்கானா முழுவதும் உள்ள வழக்கம். ஹைதராபாத்தில் விடியும் முன்பே ராம்நகர், பேகம் பஜார் மீன் சந்தைகளில் கூட்டம் நெரியும். அதே நாளில், நாம்பள்ளி எக்ஸிபிஷன் மைதானத்தில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்கக் கொடுக்கும் ‘மீன் பிரசாதம்’ நடக்கிறது. அதற்கென்றே வடமாநிலங்களிலிருந்தும் பல்லாயிரம் பேர் ரயிலேறி வருகிறார்கள்.

இந்த மீன் நாள் பிறந்தது ஏரிக்கரையில். மழைக்கு முந்தைய கடைசி நீரில் கிடைக்கும் மீனையும், முதல் மழையில் அது பெருகுவதையும் பார்த்துப் பழகியவர்கள் வகுத்த நாள் இது. இன்று அந்த நாளுக்கான மீன் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து லாரியில் வருகிறது. நாள் நிலைத்திருக்கிறது, அதற்கு மீன் கொடுத்த நீர்நிலைகள் குலைந்துவிட்டன. அந்த நாளின் வரலாறு, ஹைதராபாத்தின் மீன்களுக்கும் நீருக்கும் நேர்ந்தவற்றின் வரலாறும் ஆகும்.

கார்த்திக் கணக்கு

சூரியன் 27 நட்சத்திரங்களையும் கடக்க ஓராண்டு ஆகிறது. ஒவ்வொரு நட்சத்திரத்திலும் அது தங்கும் 13 அல்லது 14 நாள் ஒரு கார்த்தி. தெலுங்கு நாட்டு உழவர்கள் உழவு, விதைப்பு, நடவு, அறுப்பு எல்லாவற்றையும் இந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் இதே கணக்கின் ஒரு பகுதி அக்னி நட்சத்திரம் என்ற பெயரில் வழங்குகிறது. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைவது முதல் ரோகிணியின் முதல் பாதத்தைக் கடப்பது வரையுள்ள நாட்கள் அவை.

தெலங்கானாவில் வெயிலின் உச்சம் ரோகிணி கார்த்தி. அந்த வெயிலில் கல்லுரலும் வெடித்துவிடும் என்பது அங்குள்ள சொலவடை. அதை அடுத்து வருவது மிருகசிரா. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தொடங்கி, வழக்கமான ஆண்டுகளில் பத்து நாளைக்குள் ஹைதராபாத்தை எட்டிவிடும். வெயில் தணிந்து, நிலம் நனைந்து, பருத்தியும் சோளமும் விதைக்க ஏர் பூட்டும் காலம் அது.

பருவம் மாறும்போது உடம்பு திடீரென்று குளிர்ந்துபோகும், சளியும் இளைப்பும் பிடிக்கும், மீன் அந்த உடம்புக்குச் சூடு தரும் என்பது மக்கள் சொல்லும் காரணம். மீன் சாப்பிடாதவர்கள் பெருங்காயத்தை வெல்லத்தில் உருட்டி விழுங்குகிறார்கள். அதற்கும் அதே காரணம்தான் சொல்லப்படுகிறது.

இந்த நம்பிக்கைக்கு அடியில் நடைமுறை சார்ந்த காரணம் ஒன்றும் இருக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் ஏரிகளின் நீர் ஆண்டிலேயே மிகக் குறைவாக இருக்கும். பரந்து கிடந்த மீனெல்லாம் ஆழமான மடுவில் ஒதுங்கும். சாதாரண வீச்சு வலையே போதும், கூடையாலும் அள்ளலாம். நாலு நல்ல மழை பெய்து ஏரிக்குள் செந்நீர் பாய்ந்துவிட்டால் மீன் கலங்கலில் பரவிவிடும், அப்புறம் கைக்குச் சிக்காது. விதைப்பு வேலையின் கடும் உழைப்பு தொடங்கும் நேரத்தில் எளிதாகவும் மலிவாகவும் கிடைத்த சத்தான உணவு மீன்தான்.

ஏரிகளின் நாடு

தக்காணப் பீடபூமியின் பாறை நிலத்தில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் குறைவு. அதனால் அங்கே வேளாண்மையும் மீன்வளமும் ஏரிகளை நம்பியே வளர்ந்தன. வாரங்கல்லைத் தலைநகராகக் கொண்ட காகதீயர் காலத்தில் இராமப்பா, பாக்கால், லக்னவரம் போன்ற பெரிய ஏரிகள் வெட்டப்பட்டன. மேலேயுள்ள ஏரி நிரம்பிக் கலிங்கு வழியே வழிந்து கீழ் ஏரிக்குப் போகும்படி அவை சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன. மழைக்காலத்தில் அந்தக் கலிங்குகள் மீனுக்குப் பாதையாக இருந்தன. புதுநீர் வழியத் தொடங்கியதும் கெண்டையும் கெளுத்தியும் வாளையும் ஓடைகளில் எதிர்நீச்சல் போட்டு ஏறி, ஆழமில்லாத இடங்களில் முட்டையிடும்.

1591இல் ஹைதராபாத் நகரம் எழுவதற்கு முன்பே அதன் பெரிய ஏரி வந்துவிட்டது. கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குத்ப் ஷா காலத்தில், 1562ஐ ஒட்டி, ஹுசைன் ஷா வலியின் மேற்பார்வையில் ஹுசைன் சாகர் கட்டப்பட்டது. மூசி ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி அதற்கு நீர் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வளைவுகளை அடுத்தடுத்து நிறுத்திக் கட்டிய கரையோடு மீர் ஆலம் ஏரி எழுந்தது. இவற்றைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான சிறிய ஏரிகளும் குட்டைகளும் இருந்தன.

மூசி ஆறு விகாராபாத் அருகே அனந்தகிரி மலையில் பிறந்து, சுமார் 240 கிலோமீட்டர் ஓடி, நல்கொண்டா மாவட்டம் வாடபள்ளியில் கிருஷ்ணாவில் கலக்கிறது. 1908 செப்டம்பர் 28 அன்று அந்த ஆற்றில் வந்த வெள்ளம் நகரத்தைப் புரட்டிப்போட்டு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டு நிஜாம் அரசு எம். விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து யோசனை கேட்டது. அவர் திட்டத்தின்படி மூசியின் குறுக்கே 1920இல் உஸ்மான் சாகரும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே 1927இல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிக்கப்பட்டன. நகரம் வெள்ளத்திலிருந்து தப்பியது; நல்ல குடிநீரும் கிடைத்தது. எந்த அணையையும் போல இவையும் ஆற்று மீனின் ஏறுபாதையை மறித்தன. ஆயினும் சுத்தமான பெரிய நீர்ப்பரப்பு என்ற வகையில் மீன் தங்கி வளரும் இடமாக நெடுங்காலம் இருந்தன.

இந்த வட்டாரத்தில் மீனைப் பற்றிய எழுத்தும் பழமையானது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமொழியில் ‘மானசோல்லாசம்’ என்னும் பெருநூலை இயற்றினான். அவன் தலைநகரான கல்யாணி, இன்றைய பசவகல்யாண், 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தில் இருந்த பீதர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்நூலில் ‘மத்ஸ்ய விநோதம்’ என்றொரு பகுதி உண்டு. கடல்மீன், ஆற்றுமீன், செதிலுள்ளது, செதிலில்லாதது என்று மீன்கள் அதில் வகைப்படுத்தப்பட்டுள்ளன. எந்த மீனுக்கு என்ன இரை போடுவது, தூண்டிலை எப்படி வீசுவது என்ற விவரங்களும் இருக்கின்றன. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த சுந்தர் லால் ஹோரா 1951இல் இப்பகுதியை ஆராய்ந்து எழுதினார். தக்காணத்து ஆறுகளின் மீன்களை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார் என்பது அதன் மூலம் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது.

விரால்

மிருகசிரா நாளின் தலைமீன் விரால். தெலுங்கில் கொரமீனு என்பார்கள். சந்தையில் மற்ற எந்த நன்னீர் மீனையும்விட அதற்கு விலை அதிகம். முள் குறைவு, சதை உறுதி, பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் அஞ்சாமல் கொடுக்கலாம். தெலங்கானா அரசு 2016இல் அதை மாநில மீனாக அறிவித்தது.

வறண்ட தக்காணத்துக்கென்றே வார்த்தாற்போன்ற உடலமைப்பு விராலுக்கு. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறை இருக்கிறது. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். ஏரி வற்றிச் சேறாகிவிட்டால் அந்த ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை உயிரோடு கிடக்கும். சந்தையில் விரல் ஆழத் தண்ணீர் உள்ள அலுமினியத் தட்டில் அது மணிக்கணக்கில் துள்ளிக்கொண்டிருப்பதற்கும் அதுவே காரணம். உயிர்மீனாகவே விற்கப்படும் மீன் என்ற பெருமை அதனால் வந்தது.

மழையின் முதல் நீர் பட்டதும் விரால் இணை சேர்கிறது. கரையோரத்தில் ஆழமில்லாத இடத்தில், பாசியையும் புல்லையும் வட்டமாக விலக்கி ஒரு வெளியை ஆக்கிக்கொள்ளும். தேன் நிறத்து முட்டைகள் அந்த வெளியில் மிதக்கும். ஓரிரு நாளில் குஞ்சுகள் வெளிவரும். சிவந்த நிறத்தில், நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக அவை நீர்மட்டத்தில் மொய்த்துக்கொண்டு நகரும். அந்தத் திரளுக்கு அடியிலேயே தாயும் தந்தையும் காவலாகச் சுற்றிவரும். தவளையோ வேறு மீனோ நெருங்கினால் பாய்ந்து விரட்டும். விராலின் பலவீனமும் இந்தக் காவல்தான். சிவப்புத் திரளைக் கண்டவருக்கு அதன் அடியில் பெரிய விரால் இருப்பது தெரிந்துவிடுகிறது. பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் காப்பாரின்றி இரையாகிவிடுகின்றன. ஒரு வீச்சில் ஒரு தலைமுறையே போய்விடும்.

விராலோடு ஆரல், கெளுத்தி, வாளை, சிறு கெண்டை வகைகள் எல்லாம் இந்நாளின் பழைய மீன்கள். தெலுங்கில் முறையே பொம்மிடாயி, ஜெல்ல, வாலுக, பரக என்று இவற்றுக்குப் பெயர். இவற்றுள் வாளை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் வாய்ப்புள்ள இனமாக இன்று இடம்பெற்றிருக்கிறது.

பிடிப்போரும் சந்தையும்

தெலங்கானாவில் ஏரி மீன்பிடிப்பு, கங்கபுத்திரர் எனப்படும் பெஸ்தர், முதிராஜ் முதலிய சமூகங்களின் தொழில். ஊர் ஏரியின் மீன்பிடி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குத்தகையாக வழங்கப்படுகிறது. யார் சங்கத்தில் உறுப்பினராகலாம் என்பதில் இச்சமூகங்களுக்கிடையே நீண்டகாலமாக வழக்கும் பேச்சுவார்த்தையும் உண்டு. வலைவீச இறங்குமுன் கங்கம்மாவுக்குத் தேங்காய் உடைப்பது பழக்கம். தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து கையாலேயே துடுப்புப் போட்டுக்கொண்டு கண்ணி வலையை விரித்துவரும் மீனவரை நகரத்தின் புறஏரிகளில் இன்றும் பார்க்கலாம்.

மிருகசிராவுக்கு முந்தைய இரவிலேயே ராம்நகர் சந்தைக்கு லாரிகள் வரத் தொடங்கும். கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள ஆந்திரக் குட்டைகளிலிருந்து கட்லாவும் ரோகுவும் தெர்மாகோல் பெட்டிகளில் பனிக்கட்டிக்குள் வந்து இறங்கும். உயிர் விரால் மட்டும் தண்ணீர்த் தொட்டிகளில் வரும். விற்பவரிடம் வாங்கி, அடுத்த வரிசையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால் சுத்தம் செய்து நறுக்கித் தருவார். விராலின் வழவழப்புப் போக அதைச் சாம்பலும் கல்லுப்பும் போட்டுக் கல்லில் அழுத்தி உரசுவது முறை. வீட்டில் அன்று பெரும்பாலும் புளிக்குழம்புதான். வெங்காயத்தை வதக்கி அரைத்து, வெந்தயமும் கொத்தமல்லித் தூளும் சேர்த்து, புளி கெட்டியாக விட்டு, அகலமான சட்டியில் கரண்டி போடாமல் சட்டியையே சுழற்றிச் சுழற்றி வேகவைப்பார்கள்.

இந்த நாளின் தேவை உள்நாட்டு மீன்மீது இவ்வளவு அழுத்தமாக விழுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் மீன்பிடித் தடைக்காலம். மிருகசிரா பிறக்கும் ஜூன் 7, 8ஆம் தேதிகள் இரண்டு தடைகளுக்குள்ளும் வருகின்றன. கடல்மீன் வரத்து ஒடுங்கிய நாளில்தான் நகரம் ஆண்டிலேயே அதிக மீன் கேட்கிறது.

பத்தினி குடும்பத்தின் பிரசாதம்

நாம்பள்ளி மைதானத்தில் நடப்பது இதே நாளின் இன்னொரு கிளை. கௌட் சமூகத்தைச் சேர்ந்த பத்தினி குடும்பம் அதை நடத்துகிறது. 1845இல் குடும்பத்தின் முன்னோர் வீரண்ண கௌட் ஒரு துறவிக்கு உதவியதாகவும், அவர் இளைப்பு நோய்க்கு ஒரு மூலிகை மருந்தின் செய்முறையைச் சொல்லிக்கொடுத்து, காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டதாகவும் குடும்ப மரபு சொல்கிறது. செய்முறையைக் குடும்பம் வெளியே சொல்வதில்லை. பழைய நகரத்தின் தூத் பௌலியில் உள்ள மூதாதையர் வீட்டுக் கிணற்று நீரில் மருந்தைக் குழைக்கிறார்கள்.

மஞ்சள் நிறக் குழைவை, இரண்டு மூன்று அங்குல நீளமுள்ள விரால் குஞ்சின் வாயில் வைத்து, குஞ்சை உயிரோடு நோயாளியின் தொண்டைக்குள் விடுவார்கள். நெளிந்துகொண்டே இறங்கும் மீன் தொண்டையைச் சுத்தம் செய்கிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். மூன்று ஆண்டு தொடர்ந்து எடுக்க வேண்டும், 45 நாள் பத்தியம் இருக்க வேண்டும் என்பது விதி. மீன் விழுங்காதவர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருகிறார்கள்.

கூட்டம் பெருகப் பெருகப் பழைய நகரத்துச் சந்துகள் தாங்கவில்லை. காட்டேதான் உள்ளிட்ட இடங்களுக்கு மாறி, கடைசியில் நாம்பள்ளி எக்ஸிபிஷன் மைதானத்தில் நிலைத்தது. 2012இல் காட்டேதானில் ஏற்பட்ட நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது. கொரோனாவை ஒட்டி 2020 முதல் மூன்று ஆண்டு நிறுத்தப்பட்டு 2023 ஜூனில் மீண்டும் தொடங்கியது. பல ஆண்டு இதை முன்னின்று நடத்திய பத்தினி ஹரிநாத் கௌட் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். காவல்துறை, மாநகராட்சி, குடிநீர் வாரியம் எல்லாம் ஏற்பாடுகளில் பங்கெடுக்கின்றன. விரால் குஞ்சுகளை மீன்வளத்துறை திரட்டி மைதானத்திலேயே விற்கிறது.

இந்த மருந்து ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று கிடையாது. ஜன விஞ்ஞான வேதிகா என்னும் அறிவியல் இயக்கம் இதை நெடுங்காலம் எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றது. அந்த விவாதங்களுக்குப் பிறகு ‘மீன் மருந்து’ என்ற பெயர் மறைந்து ‘மீன் பிரசாதம்’ என்ற பெயர் வந்தது. இளைப்பு நோயாளி தன் இன்ஹேலரையும் மருத்துவர் எழுதிய மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லவே வேண்டும். மீனின் பக்கத்திலும் ஒரு கேள்வி உண்டு. விரால் குஞ்சை ஏரியிலிருந்தும் வயல் நீரிலிருந்தும் திரட்டுவதே பழைய வழக்கம். ஒரே நாளில் பெரும் எண்ணிக்கையில் குஞ்சு தேவைப்படும்போது, அது பண்ணைக் குஞ்சா, ஏரிக் குஞ்சா என்பது விராலின் எதிர்காலத்தைத் தொடும் விஷயம்.

பிற ஊர்களின் மீன் திருவிழாக்கள்

நீர் குறையும் காலத்தில் ஊரே இறங்கி மீன் பிடிப்பது பல நாடுகளில் உண்டு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களில் அறுவடை முடிந்து கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. அழிகண்மாய் என்றும் சொல்வார்கள். கிராமப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு, கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசியதும் சுற்றுப்பட்டுக் கிராமங்களெல்லாம் ஊத்தா, கச்சா, பரி, வலையோடு கண்மாய்க்குள் பாயும். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் இறங்குவார்கள். பிடித்த மீனை விற்பதில்லை. அன்று ஊரெங்கும் மீன் குழம்பு மணக்கும். இப்படிப் பிடித்தால் அடுத்த பருவம் மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை.

அசாமில் மாக் பிகு காலத்தில் ஊர்கூடி மீன் பிடிக்கிறார்கள். மோரிகாவ் மாவட்டத்து ஜோன்பீல் மேளாவும் அதோடு தொடங்குகிறது. உத்தரகண்டின் ஜௌன்பூர் பகுதியில் அக்லார் ஆற்றில் நடக்கும் மௌண் மேளாவில் திமூர் மரப்பட்டைத் தூளை நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பார்கள். நைஜீரியாவின் அர்குங்கு மீன்பிடி விழா 1934இல் தொடங்கியது. 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

பெரும்பாலும் இவை ஊருக்குச் சொந்தமான குறிப்பிட்ட நீர்நிலையைச் சார்ந்தவை. விழா நடக்க வேண்டுமானால் அந்தக் கண்மாயோ ஆறோ உயிரோடு இருந்தாக வேண்டும். ஒரு நாள் பிடிக்க, ஆண்டு முழுதும் காக்க வேண்டும். ஹைதராபாத்தின் மீன் நாள் இந்தப் பிணைப்பை இழந்துவிட்டது. ஏரி செத்தாலும் சந்தை நடக்கும். அதனால்தான் ஏரியின் இழப்பு நகரத்தின் கண்ணில் படவில்லை.

நீருக்கும் மீனுக்கும் நேர்ந்தது

நகரம் விரிந்தபோது முதலில் அடைபட்டவை ஏரிகளை இணைத்த வாய்க்கால்கள். ஏரிக்குள்ளேயே வீட்டுமனைகள் வந்தன. ஹுசைன் சாகரும் மூசியும் சாக்கடை சேருமிடமாயின. நகருக்குள் நுழையும்வரை மீனுக்கு இடமளிக்கும் ஆறு, நகரைத் தாண்டும்போது நுரை பொங்க ஓடுகிறது. ஆக்சிஜன் குறைந்த அந்த நீரில் தாக்குப்பிடிப்பது திலாப்பியா போன்ற சில மீன்களே.

வடமேற்கே பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலைகள் பெருகின. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய ஒரு லிட்டர் நீரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இருந்ததாகக் கண்டறியப்பட்டது. 2017இல் அதே வட்டாரத்துக் கண்டிகூடம் ஏரியில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. அந்த ஏரியைக் குத்தகை எடுத்த மீனவர்களின் ஓராண்டு உழைப்பு கரையில் அழுகிக் கிடந்தது.

மீன் இனங்களும் மாறின. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுஞ்ஞியும் கெண்டை மீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைப்பதில் வெற்றி கண்டார்கள். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். ஆற்றில் மட்டுமே முட்டையிட்ட ரோகு, மிருகால் போன்ற கங்கைச் சமவெளி மீன்கள் அதன் பிறகு நாடெங்கும் குட்டைகளுக்கு வந்தன. ஏழைக்கும் மலிவாக மீன் கிடைத்தது. இது பெரிய நன்மை. அதே வேளையில் விராலும் வாளையும் ‘குஞ்சு தின்னிகள்’ ஆயின. வளர்ப்புக் குட்டையில் இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து அவற்றைக் கொன்றுவிட்டுத்தான் கெண்டைக் குஞ்சு விட வேண்டும் என்று மீன்வளப் பாடநூல்கள் கற்பித்தன.

அயல் இனங்கள் அடுத்த அடி. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் தடை வந்தது. ஆனாலும் ஹைதராபாத்தின் புறப்பகுதிகளில் அது இறைச்சிக் கழிவு போட்டுத் திருட்டுத்தனமாக வளர்க்கப்பட்டுப் பிடிபட்டிருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன வாங்கி, பெரிதானதும் ஏரியில் விடப்பட்ட தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி இன்று வலைகளைக் கிழித்து மீனவரை வாட்டுகிறது. ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள், ஏரி நீரில் கரைந்துள்ள மரபணுத் தடயத்தைக் கொண்டே அந்த மீனின் பரவலைக் கண்டறியும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள்.

மீட்கும் முயற்சிகள்

1996இல் வெளியான அரசாணை 111, உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் இரண்டையும் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை தொழிற்சாலைகளையும் பெருங்கட்டடங்களையும் தடுத்தது. நகரத்தை ஒட்டிய நீர்நிலைகளில் அவ்விரண்டும் பெரிதும் பிழைத்திருப்பதற்கு அந்த ஆணையே முக்கியக் காரணம். 2022 ஏப்ரலில் அரசாணை 69 அதன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஏரிகளையும் ஓடைகளையும் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க 2024 ஜூலையில் ஹைட்ரா என்ற தனி அமைப்பு தொடங்கப்பட்டது.

மாநில அளவில், 2015 மார்ச்சில் தொடங்கிய மிஷன் காகதீயா திட்டம் 46,000க்கும் மேற்பட்ட ஏரிகளைத் தூர்வாரும் இலக்கோடு நடந்தது. 2016 முதல் மீனவர் சங்கங்களுக்கு மீன்குஞ்சுகள் இலவசமாக வழங்கப்பட்டு ஏரிகளில் விடப்பட்டன. பெரும்பாலும் கட்லா, ரோகு போன்ற கெண்டைகளே அவை. மீனவர் வருமானம் கூடியது, உள்நாட்டு மீன் உற்பத்தியும் உயர்ந்தது.

மாநிலம் பத்தாம் ஆண்டில் அடியெடுத்து வைத்ததை ஒட்டி 2023 ஜூன் 8 அன்று ஊர்தோறும் ஏரித் திருவிழா கொண்டாடப்பட்டது. மிருகசிராவையே தேர்ந்தெடுத்து அதே நாளில் தொடங்கி மூன்று நாள் மீன் உணவுத் திருவிழாவும் நடத்தப்பட்டது. ஏரிக்கரைக்கு ஊர் திரண்டு போய்ப் பூசை செய்து, ஏரி மீனைச் சமைத்துச் சேர்ந்து உண்டது. சந்தைக்குப் போய்விட்ட நாளை மறுபடியும் கரைக்குக் கொண்டுவந்த முயற்சி அது. ஓராண்டு நிகழ்ச்சியாக நின்றுவிடாமல் தொடர்ந்தால், ஏரியின் நிலையை ஊர் ஆண்டுக்கொரு முறை நேரில் பார்க்கும் நாளாக அது வளரும்.

உள்ளூர் மீன்களைக் காக்கச் செய்ய வேண்டியவை தெரிந்தவையே. சாக்கடையைத் தூய்மையாக்கிய பிறகே ஏரிக்கும் மூசிக்கும் விட வேண்டும். கலிங்குகளையும் இணைப்பு வாய்க்கால்களையும் திறந்து, மீன் ஏற வழி கொடுக்க வேண்டும். அயல் மீனை எந்த நீரிலும் விடக் கூடாது. இலவசக் குஞ்சுத் திட்டத்தில் விராலும் ஆரலும் கெளுத்தியும் அவற்றுக்கு ஏற்ற ஏரிகளில் இடம்பெற வேண்டும். நாம்பள்ளிக்குப் போகும் குஞ்சுகள் முழுவதும் பண்ணையில் பொரித்தவையாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரிக்கு ஓய்வு வேண்டும். கடலுக்கு 61 நாள் தடையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. மீனவர்களும் அதன் பயனை உணர்ந்திருக்கிறார்கள். நாட்டின் சில நீர்த்தேக்கங்களிலும் இனப்பெருக்க மாதங்களில் தடை உண்டு. விரால் கூடுகட்டும் நேரமும் கெண்டை எதிர்நீரில் ஏறும் நேரமும் மிருகசிராவுக்குப் பின்வரும் வாரங்கள்தான். அந்த நாளை ஏரியின் கடைசிப் பிடியாக வைத்து, மறுநாள் முதல் ஆகஸ்ட் வரை வலையை ஒதுக்கிவைக்கும் விதியை மீனவர் சங்கங்களே வகுத்துக்கொள்ளலாம். அந்த வாரங்களின் வருமான இழப்பை, கடலோர மீனவருக்குச் செய்வதுபோல அரசு ஈடுகட்டலாம். பழைய கார்த்திக் கணக்கு குறித்துக் கொடுத்த நாள் அதற்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. தடை என்பது மீன் நாளுக்கு எதிரானதல்ல. அடுத்த ஆண்டின் மீன் நாளுக்கு ஏரியிலிருந்தே மீன் கிடைக்கச் செய்யும் வழி அது.